ஜாக்கியும் முட்டும்

மாமாவால் இப்போது குந்த முடியாது. நாற்பத்தெட்டு வருஷம் குந்தியே வேலை பார்த்தவர். பன்னிரண்டு வயதில் புதுப்பேட்டையில் ஒரு மெக்கானிக் ஷெட்டில் 'பையனாக'ச் சேர்ந்தார். டீ வாங்குவது, பார்ட்ஸைப் பெட்ரோலில் கழுவுவது, மேஸ்திரி கை நீட்டினால் கேட்காமலே சரியான ஸ்பேனரை வைப்பது. இது எல்லாமே தரையில்தான். போன வருஷம் இரண்டு முட்டியிலும் ஜவ்வு தேய்ந்துவிட்டது என்று டாக்டர் சொன்னார். மாமா கடையை மூடினார். ஆனால் பழைய வாடிக்கையாளர்கள் விடவில்லை. அம்பத்தூரில் எங்கள் வீட்டுப் பின்பக்கம் தகரக் கொட்டகைக்குப் புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். "நீங்க தொட்டாதான்ணே அது பேசும்" என்பார்கள். மாமாவுக்கும் மறுக்க மனசில்லை. ஒரு பக்கம் சுவரைப் பிடித்துக்கொண்டு இறங்குவார். எழுந்திருக்க நான் போய்க் கை கொடுக்க வேண்டும்.

அப்படித்தான் லிஃப்ட் செய்யும் யோசனை வந்தது. மனுஷன் கீழே இறங்க முடியாவிட்டால் வண்டி மேலே வரட்டும்.

செய்ய ஆரம்பித்த பிறகுதான் எனக்கு ஒரு கேள்வி வந்தது. கம்பெனி சர்வீஸ் சென்டர்களில் வண்டியை ஏற்றி நிறுத்தும் ராம்ப் இருக்கிறது. தெருவோர ஷெட்டில் ஏன் இல்லை? காசு என்பது பாதி பதில்தான். மீதிப் பாதிக்கு, ஒரு பாரத்தை மேலே தூக்க மனிதர்கள் என்னென்ன செய்திருக்கிறார்கள் என்று கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்க வேண்டியிருந்தது.

நமக்குத் தெரிந்த பழைய லிஃப்ட், ஏற்றம். நட்ட தூணின் மேல் நீண்ட துலாமரம், ஒரு முனையில் சால். ஆள் மரத்தின் மீதே முன்னும் பின்னும் நடப்பான். அவன் எடை ஒரு பக்கம் இறங்க, தண்ணீர் மறுபக்கம் ஏறும். நெம்புகோலில் ஏமாற்றே கிடையாது. பாரம் கையில் லேசாகிறது என்றால் நீங்கள் நகர வேண்டிய தூரம் கூடுகிறது என்று அர்த்தம். இந்தக் கணக்கிலிருந்து இன்றுவரை எந்த இயந்திரமும் தப்பவில்லை. என் லிஃப்டும்தான்.

ஏற்றத்தில் பாரத்தின் எதிர் எடை மனித உடம்பு. நம் ஷெட்களில் நடப்பதும் அதே கணக்குதான். ஸ்கூட்டரை டயர் மேல் பக்கவாட்டில் படுக்க வைத்து அடியில் வேலை பார்ப்பார்கள். புல்லட் என்றால் சென்டர் ஸ்டாண்டுக்கு அடியில் கட்டை, கட்டைக்கு அடியில் செங்கல். அதற்கும் எட்டாத இடத்துக்கு மெக்கானிக் இறங்குவார். இயந்திரம் செய்ய வேண்டிய மீதி வேலையை முட்டியும் முதுகும் செய்துவிடும். அதற்குத் தனியாக பில் போடுவதில்லை.

இத்தனைக்கும் புல்லட் நம்ம ஊர் வண்டி. ரெட்டிச்சில் இருந்த இங்கிலாந்துக் கம்பெனியும் மெட்ராஸ் மோட்டார்ஸும் சேர்ந்து 1955ல் என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கினார்கள். திருவொற்றியூரில் தொழிற்சாலை வந்தது. 1970 வாக்கில் இங்கிலாந்தில் அந்தப் பெயரில் வண்டி செய்வதே நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. வார்ப்பிரும்பு இன்ஜின், வலது பக்கம் கியர், நல்ல கனம். அதைப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஒரு தலைமுறையே வடசென்னையில் தரையில் உட்கார்ந்து உருவானது.

லிஃப்ட்டின் வடிவம் சுலபம். கீழே ஒரு சட்டம், மேலே ஏழடி நீளம் இரண்டடி அகலத்தில் ஒரு மேடை, இரண்டையும் இணைக்க நான்கு இரும்புக் கால்கள். கால்களின் இரு முனையிலும் முளை இருப்பதால் நான்கும் ஒன்றாகச் சாய்ந்து ஒன்றாக எழும்பும், மேடை கிடையாகவே இருக்கும். சிக்கல் கோணத்தில்தான். வண்டியும் மேடையும் சேர்ந்து 250 கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கால்கள் 45 பாகையில் நிற்கும்போது மேடையைக் கிடையாகத் தள்ளி எழுப்ப 250 கிலோ விசை போதும். 15 பாகையில், அதாவது மேடை தாழ்ந்து கிடக்கும்போது, அதே வேலைக்குக் கிட்டத்தட்ட 930 கிலோ வேண்டும். முதல் ஒரு சாண்தான் கஷ்டம். படுத்திருப்பவரை உட்காரவைப்பது மாதிரி.

இரும்பெல்லாம் காயலான் கடையில் வாங்கினேன். காயல்பட்டினத்து வணிகர்களை ஒட்டி வந்த பெயர் என்று சொல்வார்கள். உண்மையோ இல்லையோ, அங்கே கிடைக்காத பொருள் இல்லை. சி சானல், சதுர பைப், ஒரு ஐந்து டன் பாட்டில் ஜாக்கி. வெல்டிங்கோடு சேர்த்து 14,000 ரூபாய் ஆனது.

பாட்டில் ஜாக்கிக்குள் இருப்பது பாஸ்கலின் விதி. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லா இடத்துக்கும் குறையாமல் போகும். அவர் இறந்த மறுவருஷம், 1663ல், இதைச் சொல்லும் அவரது நூல் அச்சில் வந்தது. ஜாக்கியின் சின்ன பிஸ்டன் 10 மி.மீ., பெரிய பிஸ்டன் 30 மி.மீ. என்றால் பரப்பு ஒன்பது மடங்கு. கைப்பிடியின் நெம்பு ஒரு பதினைந்து மடங்கு. பெருக்கினால் 135. பத்து கிலோ அழுத்தத்தில் 1,350 கிலோவைத் தூக்கலாம், உராய்வில் கொஞ்சம் போகும். கொள்கை இவ்வளவு எளிமை. ஆனால் அதைப் பயன்படும் இயந்திரமாக்க நூறு வருஷத்துக்கும் மேல் ஆனது. காரணம் ரொம்ப அற்பமானது: ஒழுக்கு.

1795ல் லண்டனில் ஜோசப் பிராமா ஹைட்ராலிக் பிரஸ்ஸுக்குக் காப்புரிமை வாங்கினார். பிராமா பூட்டு செய்பவரும்கூட. அவர் கடை ஜன்னலில் 'இதைத் திறப்பவருக்கு 200 கினி' என்று வைத்திருந்த பூட்டை 1851 வரை யாராலும் திறக்க முடியவில்லை. பூட்டைச் செய்தவர் அவரிடம் வேலை பார்த்த ஹென்றி மாட்ஸ்லே. பிரஸ்ஸிலும் சிக்கல் வந்தபோது கை கொடுத்தது மாட்ஸ்லேதான் என்று பலரும் எழுதியிருக்கிறார்கள். பிஸ்டனைச் சுற்றி இறுக்கமாக அடைத்தால் எண்ணெயோ தண்ணீரோ கசியாது, ஆனால் பிஸ்டன் திரும்ப இறங்காது. தளர்த்தினால் இறங்கும், ஆனால் கசியும். கிண்ணம் போல மடித்த ஒரு தோல் வளையம்தான் விடை. அழுத்தம் ஏறும்போது திரவமே அந்தத் தோலை விரித்துச் சுவரோடு ஒட்டவைக்கும். அழுத்தம் விட்டதும் தோலும் விட்டுவிடும். இன்று தோலுக்குப் பதில் ரப்பர். யோசனை அதேதான்.

மாட்ஸ்லே பன்னிரண்டு வயதில் ஊலிச் ஆயுதசாலையில் தோட்டாவில் மருந்து நிரப்பும் பையனாக வேலைக்குப் போனவர். பிராமாவிடம் 18 வயதில் சேர்ந்து பட்டறையின் மேற்பார்வையாளர் ஆனார். வாரத்துக்கு 30 ஷில்லிங் சம்பளம். குடும்பம் பெருகிவிட்டது, கூட்டிக் கொடுங்கள் என்று கேட்டார். பிராமா மறுத்தார். 1797ல் வெளியே வந்து சொந்தப் பட்டறை போட்டார். அங்கேதான் துல்லியமாகத் திருகு வெட்டும் லேத்தை உருவாக்கினார். அதுவரை ஒரு திருகு மாதிரி இன்னொன்று இருக்காது, ஒவ்வொரு போல்ட்டுக்கும் அதன் நட் மட்டும்தான் சேரும். இன்று அம்பத்தூரில் எந்த லேத் பட்டறையிலும் மறை போடச் சொன்னால் அரை மணியில் போட்டுத் தருகிறார்கள் என்றால் அது அந்த மறுக்கப்பட்ட சம்பள உயர்வின் வழி வந்தது. இந்தக் கதையை மாமாவிடம் சொன்னேன். "அந்த மொதலாளிக்குப் பேரு மட்டும்தான் வேற மாப்ள" என்றார்.

லிஃப்ட் முதல் நாள் அழகாக வேலை செய்தது. ஜாக்கியின் தண்டு ஒரு சாண்கூட நீளாது, மேடையோ இரண்டடி எழும்ப வேண்டும். அதனால் காலின் அடிப்பக்கமாகத் தள்ளும்படி ஜாக்கியைச் சாய்வாக வைத்திருந்தேன். தூரம் பெருகும், ஜாக்கி மீது பாரமும் அதே அளவு பெருகும். ஏற்றத்தின் கணக்கேதான். சாயங்காலம் ஒரு புல்லட்டை ஏற்றி நிறுத்திவிட்டு, மாமா பக்கத்தில் ஸ்டூல் போட்டு, மேடைக்கு அடியில் கால் நீட்டி உட்கார்ந்து பார்த்தார். ராத்திரி அப்படியே விட்டுவிட்டுத் தூங்கப் போனோம்.

காலையில் போனால் மேடை தரைக்குப் பக்கத்தில் இருந்தது. வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை, கயிறு பிடித்திருந்தது. அடியில் மறந்து வைத்த பிளாஸ்டிக் டூல்ஸ் பெட்டி அப்பளமாகக் கிடந்தது. ஜாக்கியைச் சுற்றித் தரையில் எண்ணெய். சத்தமே வரவில்லை. ராத்திரி முழுக்கச் சொட்டுச் சொட்டாக இறங்கியிருக்கிறது. மாமாவின் கால் இருந்த இடமும் பெட்டி இருந்த இடமும் ஒன்றுதான். நான் வெகுநேரம் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தேன். மாமா திட்டவில்லை. "ஜாக்கி தூக்கத்தான்டா. தாங்குறதுக்கு முட்டு கொடுக்கணும். இது தெரியாம இன்னாத்த படிச்ச?"

தெரிந்திருக்க வேண்டியதுதான். திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறது. ஆனாலும் சக்கரத்துக்கு அடியில் முட்டுக்கட்டையைத் தள்ளும் ஆட்கள் தேரோடு ஓடிக்கொண்டுதான் இருக்கிறார்கள். திரவத்தை நம்பலாம், ஆனால் திரவத்தை மட்டும் நம்பக் கூடாது.

திருகில் அந்தப் பயம் குறைவு. சரிவு மெல்லியதாக இருந்தால் உராய்வே அதைப் பின்னால் சுற்றவிடாது. 1860ல் சிகாகோவில், சாக்கடை போட நகரத்தையே உயர்த்தியபோது, லேக் தெருவில் 320 அடி நீளத்துக்குக் கட்டிட வரிசையைக் கடைகளோடு சேர்த்து அப்படியே தூக்கினார்கள். 600 ஆட்கள், 6,000 திருகு ஜாக்கிகள், ஐந்து நாளில் 4 அடி 8 அங்குலம். சென்னையில் ரோட்டின் மேல் ரோடு போட்டு வீடு பள்ளமாகிப் போனவர்கள் இப்போது அதைத்தான் செய்கிறார்கள்.

கார் லிஃப்ட் வந்த வழி இன்னும் விசித்திரம். அமெரிக்காவில் மெம்பிஸ் நகரத்து பீட்டர் லுனாட்டி, சலூன் நாற்காலி மேலே ஏறுவதைப் பார்த்துத்தான் அந்த யோசனைக்கு வந்தார் என்பது கதை. 1925ல் காப்புரிமை வாங்கினார். முடி வெட்டுபவர் குனியாமல் இருக்க உண்டான பொறியைப் பார்த்து, கார் மெக்கானிக்கும் படுக்காமல் இருக்கலாமே என்று ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. நம் தெருவில் சலூனும் மெக்கானிக் ஷெட்டும் அடுத்தடுத்த கடைகள். சலூனில் ஏறி இறங்கும் நாற்காலி எப்போதோ வந்துவிட்டது. வாடிக்கையாளர் உட்காருகிற நாற்காலி அல்லவா. ஷெட்டில் உட்காருவது பையன். நான் தேடிய மீதிப் பாதி பதில் இதுதான் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காயலான் கடையிலிருந்து சென்ட்ரிங்குக்குப் போடும் பழைய ஜாக்கி இரண்டு வாங்கி வந்தேன். கான்கிரீட் தளம் காய்கிறவரை தாங்குவதற்காகவே உள்ள இரும்புத் தூண்கள். ஓட்டையில் முளை போட்டு உயரம் வைத்து, மிச்சத்தை மறையில் சுற்றி இறுக்க வேண்டும். லேத்தில் கொடுத்து உயரத்தைக் குறைத்து, தேய்ந்த மறையைப் புதிதாக வெட்டி, மேடைக்கு அடியில் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. கால்கள் சாயாமல் இருக்கக் குறுக்கே ஒரு முக்கால் இன்ச் போல்ட். பாட்டில் ஜாக்கிக்குப் புது சீல் கிட் போட்டோம். ஆனாலும் முட்டு நின்ற பிறகு அதன் வால்வைத் திறந்து எண்ணெய் அழுத்தத்தை விட்டுவிடுவோம். பாரம் முழுக்க இரும்பில் இருக்கிறதா என்று அப்போதுதான் தெரியும்.

நேற்று ஒரு 350 வந்தது. பலகை வழியாக நான்தான் தள்ளி ஏற்றினேன். முன் சக்கரத்தைக் கவ்வியில் வைத்து, இரண்டு பக்கமும் கயிறு கட்டி, ஜாக்கியை அடித்து, முட்டுகளை இறுக்கினேன். மாமா ஒவ்வொரு முட்டையும் செருப்புக் காலால் இரண்டு உதை உதைத்துப் பார்த்தார். பிறகு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டாப்பெட் மூடியைக் கழற்றினார். அது இப்போது அவர் கண்ணுக்கு நேராக இருந்தது. "லைட்ட கொஞ்சம் காட்டு" என்றார். பிஸ்டனை மேலே கொண்டுவந்து, புஷ்ராடை இரண்டு விரலால் உருட்டினார். ஒன்று சுற்றியது, இன்னொன்று பிடித்தது. ஸ்பேனருக்காகக் கை நீட்டினார்.