சாசேஜ் விஷம் மருந்தான கதை



இந்தப் பதிவை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு மாதம் தயங்கினேன். விஷயம் இடுப்புக்குக் கீழே நடப்பது. வீட்டு அம்மாவிடம் கேட்டேன். "எழுதுங்க. உங்க வயசு ஆம்பளைங்க பாத்ரூம் கதவைச் சாத்திக்கிட்டு அரை மணி நேரம் என்ன பண்றாங்கன்னு எல்லா வீட்டுப் பொம்பளைங்களுக்கும் தெரியும்" என்றாள். அதற்குமேல் என்ன தயக்கம்?

எனக்கு நாலு வருடமாக ஒரு தொல்லை. உட்கார்ந்தால் அடியில் ஒரு வலி, கோலிக்குண்டின் மேல் உட்கார்ந்தது போல. சிறுநீர் வரும் என்று போய் நின்றால் வராது, வந்தாலும் விட்டு விட்டு வரும். முப்பத்தைந்து வருடம் ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு இது வரத்தான் செய்யும் என்று விட்டுவிட்டேன். பிறகு பார்த்த வைத்தியர்கள் எல்லோரும் 'பிராஸ்டேட்' என்றார்கள். ஆன்டிபயாடிக் மாத்திரை தின்று தின்று வயிறுதான் புண்ணாயிற்று. ஒரு நண்பர் மூலபந்தம் போடச் சொன்னார். அடித்தசையை உள்ளே இழுத்துப் பிடிக்கிற பயிற்சி அது. போட்டேன், வலி இரட்டிப்பானது.

கடைசியில் பெங்களூரில் ஓர் இளம் பெண் டாக்டர் சொன்னார்: "சார், உங்க பிராஸ்டேட் மேல தப்பில்லை. கீழே தாங்கிப் பிடிக்கிற தசை இறுகிப் போச்சு, விட மாட்டேங்குது. நீங்க அதை இன்னும் இறுக்கிட்டு இருந்திருக்கீங்க."

இடுப்பெலும்பின் அடிவாயில் தூளி கட்டியது போல ஒரு தசைப் படுக்கை இருக்கிறது. மூத்திரப்பை, மலக்குடல் எல்லாம் அதன்மேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. சிறுநீர் கழிக்கும்போது பை சுருங்க வேண்டும், தசை தளர வேண்டும். இரண்டும் ஒரே நேரத்தில் இறுகினால் கதவைச் சாத்திக்கொண்டு ஆளை வெளியே தள்ளுவது போலத்தான். பிரெஞ்சுக்காரர்கள் இந்த இடத்தை 'பெரினே' என்பார்கள். அங்கே பிள்ளை பெற்ற பெண்களை அரசுக் காப்பீட்டுச் செலவிலேயே இதற்கான பயிற்சிக்கு அனுப்புகிறார்கள். ஆனால் ஆண்கள் அங்கேயும் வாய் திறப்பதில்லை.

முதலில் பயிற்சி, அதில் முழுதாகத் தீராவிட்டால் ஊசி என்றார் டாக்டர். ஊசியின் பெயர் பொட்டுலினம் டாக்சின். நடிகைகள் சுருக்கம் போக முகத்தில் போட்டுக்கொள்வார்களே, அதேதான். எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பெயர் வேறு ஒன்றையும் நினைவுபடுத்தியது. புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தபோது 'புவாயோ' என்று ஒரு சொல் கற்றோம். குடல் என்று பொருள். பந்தய சைக்கிளின் டயருக்கும் அதே பெயர். லத்தீனில் சாசேஜுக்கு 'பொட்டுலுஸ்', அதன் சிறு வடிவத்திலிருந்து பிறந்ததுதான் புவாயோ. ஆக இந்த ஊசியின் பெயருக்குப் பொருள் சாசேஜ் விஷம். வீடு திரும்பியதும் இதன் கதையைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

கதை தெற்கு ஜெர்மனியில் வூர்ட்டம்பெர்க் நாட்டில் தொடங்குகிறது. இரத்தமும் கொழுப்பும் அடைத்துப் புகை போட்ட சாசேஜைத் தின்றவர்கள் அங்கே அவ்வப்போது செத்துக்கொண்டிருந்தார்கள். யுஸ்டினுஸ் கெர்னர் என்ற ஊர் வைத்தியர் அந்த நோயாளிகளின் விவரங்களைச் சேகரித்தார். 1820-இல் 76 பேர், 1822-இல் வெளியிட்ட நூலில் 155 பேர். கண் இமை விழுகிறது, வாய் வறள்கிறது, விழுங்க முடியவில்லை, சிறுநீரும் மலமும் அடைத்துக்கொள்கின்றன. ஆனால் அறிவு மட்டும் கடைசிவரை தெளிவாக இருக்கிறது என்று எழுதினார். கெட்ட சாசேஜிலிருந்து சாறு எடுத்துத் தன் நாக்கிலேயே சொட்டு விட்டுப் பார்த்தார் மனிதர்! நரம்பை அடக்கும் இந்த நஞ்சை மிகச் சிறிய அளவில் கொடுத்தால், கட்டுக்கடங்காமல் துடிக்கும் நரம்புகளுக்கு மருந்தாகுமே என்றும் எழுதி வைத்தார். அது நடக்க நூற்றைம்பது வருடத்துக்கு மேல் ஆயிற்று. கெர்னர் கவிஞரும்கூட. அவர் கவிதைகளுக்கு ஷூமன் இசையமைத்திருக்கிறார்.

அடுத்தது பெல்ஜியம். பிரெஞ்சு பேசும் எல்செல் என்ற கிராமம். 1895 டிசம்பர் 14-ஆம் தேதி ஒரு முதியவரின் சாவுக்கு வாசிக்க பேண்டு கோஷ்டி வந்தது. நம் ஊரில் பறைக்காரர்களுக்குச் சாப்பாடு போடுவது போல அவர்களுக்கும் சாப்பாடு. அதில் வேக வைக்காத, உப்பிட்ட பன்றித்தொடை இறைச்சி இருந்தது. சாப்பிட்டவர்களில் பலர் படுத்துவிட்டார்கள், மூன்று பேர் இறந்தார்கள். கெண்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் எமில் வான் எர்மெங்கெம் அந்த இறைச்சியிலும், இறந்தவர் உடலிலும் ஒரு நுண்ணுயிரைக் கண்டுபிடித்து 1897-இல் வெளியிட்டார். காற்றில்லாத இடத்தில் வளரும் கிருமி அது. அது சுரக்கும் நஞ்சுதான் ஆளைக் கொல்வது. நன்றாகக் கொதிக்க வைத்தால் நஞ்சு அழிந்துவிடும். சுடச்சுட ஆக்கி உடனே சாப்பிடும் நம் வீட்டு வழக்கத்தில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

நரம்பின் நுனியிலிருந்து 'அசிட்டைல்கோலின்' என்ற பொருள் வெளிவந்தால்தான் தசை சுருங்கும். நஞ்சு அதைத் தடுத்துவிடுகிறது என்று 1949-இல் லண்டனில் கண்டார்கள். அமெரிக்க ராணுவம் இதை ஆயுதமாக்கப் பார்த்த கதை தனி. அந்த ஆய்வுக்கூடத்தில் நஞ்சைச் சுத்தமாகப் பிரித்தெடுத்த எட்வர்ட் ஷாண்ட்ஸ் கொடுத்த சரக்கை வைத்துத்தான், சான் பிரான்சிஸ்கோ கண் மருத்துவர் ஆலன் ஸ்காட் மாறுகண்ணைச் சரி செய்தார். முதலில் குரங்கில், பிறகு மனிதரில். 1980-இல் முடிவை வெளியிட்டார். 1989 டிசம்பரில் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. முகச் சுருக்கத்துக்கு அனுமதி கிடைத்தது 2002-இல்தான். அழகு பின்னால் வந்தது, பெயரை மட்டும் தட்டிக்கொண்டு போய்விட்டது.

இடுப்புக்குக் கீழே இந்த ஊசி முதலில் போனது யாருக்கு என்று தேடியபோதுதான் நான் படிப்பதை நிறுத்திவிட்டு வெளியே திண்ணையில் போய் உட்கார்ந்தேன். 1988-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் டைக்ஸ்ட்ரா என்ற மருத்துவரும் அவர் கூட்டத்தாரும் 11 ஆண்களுக்குச் சிறுநீர்க் கதவுத் தசையில் இந்த ஊசியைப் போட்டார்கள். அத்தனை பேரும் முதுகுத்தண்டு அடிபட்டவர்கள். பை சுருங்கும்போது கதவும் இறுகி, சிறுநீர் தேங்கி நின்றவர்கள். ஊசிக்குப் பிறகு தசை தளர்ந்து, பெரும்பாலோருக்குத் தேக்கம் குறைந்தது. அந்தப் பலன் சுமார் 50 நாள் நின்றது.

என் மைத்துனன் அப்படிப்பட்டவன்தான். 1977-இல் மாசி மாதம், பஞ்சப்பள்ளி சாலையோரம் புளி உலுக்க மரம் ஏறினான். கிளை முறிந்தது. இருபத்திரண்டு வயது. இடுப்புக்குக் கீழே உணர்வு போயிற்று. ஒரு மருத்துவமனையில் சிறுநீருக்குக் குழாய் போட்டு வீட்டுக்கு அனுப்பினார்கள். குழாயை எப்போது மாற்றுவது, எப்படிக் கழுவுவது என்று யாரும் சொல்லவில்லை. நான் லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்க்கும்போதெல்லாம், "மாமா, வயிறு கல்லு மாதிரி இருக்குது" என்பான். குளிர் ஜுரம் வரும், போகும். பதினோரு மாதத்தில் சிறுநீரகம் கெட்டுப் போய்விட்டான். "முதுகு உடைஞ்சா அவ்வளவுதான்" என்று ஊரார் சொன்னார்கள். நாங்களும் நம்பினோம்.

ஊசி அப்போது இல்லை, உண்மை. ஆனால் வேறு வழி இருந்தது. லாபிடீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் 1972-லேயே சொல்லியிருந்தார்: நோயாளியே சில மணி நேரத்துக்கு ஒருமுறை சுத்தமான குழாயை நுழைத்துப் பையைக் காலி செய்துகொண்டு குழாயை எடுத்துவிடலாம். பை தேங்காமல் பார்த்துக்கொள்வதுதான் முக்கியம். இன்றைக்கும் ஊசியைவிட இதுதான் அதிக உயிரைக் காப்பாற்றுகிறது.

வேலூரும் இருந்தது. சி.எம்.சி.யில் டாக்டர் மேரி வர்கீஸ் 1954-இல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர். சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை செய்தார். நியூயார்க்கில் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து அந்தத் துறைக்குத் தலைவரானார். 1966-இல் பாகாயத்தில் மறுவாழ்வு மையம் திறந்தது. மரத்திலிருந்து விழுந்தவர்கள், கிணற்றில் விழுந்தவர்கள் என்று நம்மவர்கள்தான் அங்கே போனார்கள். மாரண்டஹள்ளியிலிருந்து கிருஷ்ணகிரி வழியாகப் பஸ்ஸில் அரை நாள் பயணம். 1972-இல் அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்த செய்தி பத்திரிகையில் வந்திருக்கும். நான் தினமும் பேப்பர் படிக்கிறவன், அரசு ஊழியன். எனக்கு அது தோன்றவில்லை.

இனி என் கதை. என்னைப் போல் முதுகு நன்றாக இருந்தும் அடித்தசை இறுகிய ஆண்களுக்கு இந்த ஊசி போட்டுச் சில ஆய்வுகள் நடந்திருக்கின்றன. எல்லாம் சிறியவை. சிலருக்குக் கேட்கிறது, பலருக்கு இல்லை. டாக்டரும் ஒளிக்காமல் சொன்னார்: "இது உறுதியான வைத்தியம் இல்ல சார், முயற்சிதான்." ஆறு மாதம் தசையைத் தளர்த்தும் பயிற்சியும் மூச்சுப் பயிற்சியும் செய்தேன். இழுத்துப் பிடிப்பதற்கு நேர் எதிரானது. பாதிக்கு மேல் குறைந்தது. பிறகு ஒரே ஒரு முறை ஊசி போட்டுக்கொண்டேன். என் ஓய்வூதியத்தில் அரை மாதத்துக்கு மேல் போயிற்று. பத்து நாள் கழித்து, பல வருடம் கழித்து முதல்முறையாக, நின்ற உடனே சிறுநீர் வந்தது. இரண்டு வாரம் காற்றை அடக்க முடியாமல் கல்யாண வீடுகளைத் தவிர்த்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். மூன்று மாதம் சுகம். அப்புறம் வலி கொஞ்சம் திரும்பியது, பழையபடி இல்லை. இரண்டாவது ஊசி போடவில்லை, பயிற்சியோடு ஓட்டுகிறேன்.

படித்ததையெல்லாம் வீட்டு அம்மாவிடம் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தாள். பிறகு, "அப்போ வேலூருக்குக் கொண்டு போயிருந்தா தம்பி இருந்திருப்பானாங்க?" என்று கேட்டாள்.

"இருந்திருக்கலாம்" என்றேன்.