காலைக் காப்பாற்றும் கணக்கு பிறந்த கதை

நாகர்கோவில், களியக்காவிளைப் பக்கத்து பஸ்கள் திருவனந்தபுரம் தம்பானூரில் வந்து நிற்கும்போது, எக்ஸ்ரே கவரோடு இறங்கும் தமிழர்களைப் பார்க்கலாம். மெடிக்கல் காலேஜுக்குப் போகிறவர்கள். பைக் விபத்தில் தோலைக் கிழித்துக்கொண்டு எலும்பு வெளியே வந்துவிட்ட பிள்ளையின் தகப்பனுக்கு ஒரே கேள்விதான்: "காலை எடுத்துடுவாங்களா?" நம் ஊர்க் காயங்களையே படித்து இதற்குப் பதில் தேடிய மதிப்பெண் முறை ஒன்று கோயம்புத்தூரில் பிறந்தது.

எலும்பு வெளியே தெரிந்தால் காலை வெட்டுவதுதான் ஒரு காலத்தில் பெருவழக்கம். சீழ் பிடித்து உயிரே போய்விடும் என்ற பயம். 1865இல் கிளாஸ்கோவில், வண்டிச் சக்கரம் ஏறிய 11 வயதுச் சிறுவனின் காயத்தை அறுவை மருத்துவர் ஜோசப் லிஸ்டர் கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டினார். சீழ் பிடிக்காமல் ஆறு வாரத்தில் எலும்பு கூடியது. பிறகு ஆன்டிபயாடிக் வந்தது. 1974இல் வெளியான அமெரிக்க ஆய்வில், மருந்தே பெறாதவர்களில் 13.9 சதவீதத்தினருக்குத் தொற்று. செஃபலோத்தின் என்ற ஆன்டிபயாடிக் பெற்றவர்களில் 2.3 சதவீதம்தான்.

எந்தக் காலைக் காப்பாற்றப் பார்ப்பது, எதை எடுத்துவிடுவது? 1976இல் எலும்பு மருத்துவர்கள் கஸ்டிலோவும் ஆண்டர்சனும் தோல் கிழிந்த எலும்பு முறிவுகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள். 1984இல் மூன்றாவது வகை ஏ, பி, சி என்று பிரிந்தது. சிக்கல் 'மூன்று-பி'யில் இருந்தது. தோல் மட்டும் போன காலும், எலும்பு, தசை, நரம்பு எல்லாம் நொறுங்கிய காலும் ஒரே பெயரில் அடங்கின. 1990இல் வந்த 'மெஸ்' மதிப்பெண்ணோ ரத்த ஓட்டத்துக்கே பெரும் கவனம் கொடுத்தது. ரத்த ஓட்டம் இருந்தும் சிதைந்துபோன கால்களுக்கு அது சரியாக வழிகாட்டவில்லை.

இந்தக் குறையைத் தீர்க்கும் மதிப்பெண் முறையை உருவாக்கியது கோயம்புத்தூரின் கங்கா மருத்துவமனை. அதை 1978இல் தொடங்கியவர் மயக்க மருந்து நிபுணர் சண்முகநாதன். மகன் ராஜசேகரன் எலும்பு அறுவை நிபுணர். இன்னொரு மகன் ராஜ சபாபதி பிளாஸ்டிக் சர்ஜன். எலும்பைப் பொருத்துபவரும் அதன்மேல் சதையும் தோலும் போர்த்துபவரும் முதல் நாளே ஒரே மேஜையருகே நின்றதுதான் இந்தக் கணக்குக்கு அடிப்படை என்பது என் எண்ணம்.

தோல், எலும்பு, தசை-நரம்பு ஆகியவற்றுக்குத் தனித்தனியே 1 முதல் 5 வரை மதிப்பெண். அதோடு ஏழு கேடுகள், ஒவ்வொன்றுக்கும் 2. சாக்கடையிலோ தொழுவத்திலோ பட்ட அழுக்கு, 12 மணி நேரத்துக்கு மேல் தாமதம், 65 தாண்டிய வயது, மருந்து எடுக்கும் சர்க்கரை நோய் போன்றவை அதில் உண்டு. வயல்வெளியிலும் சாலையோரச் சாக்கடையிலும் விழுபவர்களைப் பார்த்தவர்களால்தான் இப்படி எழுத முடியும். 109 காயங்களைப் பின்தொடர்ந்து 2006இல் வெளியிட்டார்கள். மொத்தம் 14 வரை என்றால் காலைக் காப்பாற்றலாம். 17 முதல் எடுப்பதே நல்லது. 15, 16 அனுபவமுள்ளவர்கள் கூடி முடிவெடுக்க வேண்டியது. 2009இல் இன்னொரு முடிவு: மதிப்பெண் குறைந்த காயத்தை நன்றாகச் சுத்தம் செய்து உடனே தைத்து மூடலாம். அப்படி மூடிய 173 காயங்களில் 150இல் மிக நல்ல பலன்.

மூடுவதில் இவ்வளவு அக்கறை எதற்கு? காயம் திறந்தே கிடந்தால் கிருமிகள் உள்ளே போகும். எலும்பைப் பொருத்த வைத்த பிளேட்டிலும் ஆணியிலும் அவை ஒட்டிப் படலம் கட்டிக்கொண்டால் மாத்திரை உள்ளே எட்டாது. மறுபடி திறந்து, செத்த சதையையும் எலும்பையும் வெட்டி எடுக்க வேண்டும். சில நேரம் பிளேட்டையே கழற்ற வேண்டும்.

காயத்தில் மஞ்சள், காபித்தூள், பச்சிலை எதுவும் வைக்காதீர்கள். சுத்தமான துணியால் மூடி உடனே கொண்டுபோங்கள். முதல் ஆன்டிபயாடிக் ஊசியை ஒரு மணி நேரத்துக்குள் போடச் சொல்லிக் கேளுங்கள். எங்கே விழுந்தார், எத்தனை மணிக்கு, சர்க்கரை உண்டா என்பதை டாக்டரிடம் சொல்லுங்கள். ஆபரேஷனுக்குப் பிறகு தையலில் நீர் கசிந்தால் மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை வாங்காமல், ஆபரேஷன் செய்த டாக்டரிடமே அன்றே போங்கள்.