மாணவரின் "காஸ்ரிக்": மாத்திரை மறைக்கும் உண்மை

இரணைமடு நீரில் நெல் விளையும் வட்டக்கச்சியிலிருந்து அறிவியல் நகர் அதிக தூரத்தில் இல்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய, பொறியியல் பீடங்களும், 2016இல் திறக்கப்பட்ட இலங்கை ஜேர்மன் தொழிற்பயிற்சி நிறுவகமும் அங்கேயே இயங்குகின்றன. விளைநிலங்களின் நடுவே கற்கின்ற இம்மாணவரிடையேயும் காலையில் ஒரு பிளேன்ரீ, மதியம் இரண்டு றோல்ஸ், இரவில் கொத்து என்ற வழக்கம் பரவி வருகின்றது. வயிறு எரிந்தால் "காஸ்ரிக்" என்று கூறி மருந்தகத்தில் மாத்திரை வாங்குவதோடு விடயம் முடிந்துவிடுகின்றது.

முடிந்துவிடுகின்றதா என்பதே எமது கேள்வி. பட்டினி கிடந்தால் இரைப்பைப் புண் வரும் என்பது நம்மவரின் நெடுநாள் நம்பிக்கை. நேரம் தவறிய உணவு எரிவைக் கூட்டலாம். ஆயினும் புண்ணுக்கான பிரதான காரணங்கள் இரண்டு. ஒன்று, வைத்திய ஆலோசனையின்றித் தொடர்ந்து விழுங்கப்படும் அஸ்பிரின், இபுபுரோபன், டைக்ளோபெனக் போன்ற நோவு மாத்திரைகள். மற்றையது ஹெலிகோபக்டர் பைலோரி என்ற கிருமி. 1980களில் அவுஸ்திரேலிய வைத்தியர்களான பரி மார்ஷலும் றொபின் வொறனும் இதனைக் கண்டறிந்தபோது மருத்துவ உலகம் நம்ப மறுத்தது. 1984இல் மார்ஷல் அக்கிருமியைத் தாமே அருந்தி இரைப்பை அழற்சிக்கு உள்ளானார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளை வைத்தியர் குறிப்பிடும் நாள்வரை உட்கொண்டால் இக்கிருமியைப் பெரும்பாலும் ஒழிக்கலாம். ஆனால் ஒமிப்பிரசோல் போன்ற அமிலக் குறைப்பு மாத்திரையை நாளாந்தம் எடுப்பவரிடத்தில், மூச்சு அல்லது மலப் பரிசோதனையில் கிருமி தென்படாமலே போகக்கூடும் என்பது குறிப்பிடத்தக்கது.

மலச்சிக்கலோ வெளியே பேசப்படாத துன்பம். மலசலகூடத்தின் நிலை கருதி நீர் அருந்துவதையே தவிர்க்கும் மாணவியர் உளர். இதனை அவர்களது குற்றமாக நாம் கருதவில்லை. நாளொன்றுக்கு 400 கிராம் மரக்கறி, பழங்களும் 25 கிராம் நார்ப்பொருளும் தேவை என உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. பாணும் கொத்தும் அதனைத் தரமாட்டா. குரக்கனும் கடலையும் முருங்கையிலை வறையும் தரும்.

மாணவரை மட்டும் கடிவதில் நியாயமில்லை. 2025 வரவுசெலவுத்திட்டத்தில் மகாபொல உதவித்தொகை 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. நாளொன்றுக்கு 250 ரூபா! இதற்குள் மூன்று வேளை உண்ணுமாறு எவரிடம் கூறுவது? சிற்றுண்டிச்சாலைகளில் மலிவான மரக்கறிச் சோற்றையும், நேர அட்டவணையில் ஒழுங்கான மதிய இடைவேளையையும் நிர்வாகங்களே உறுதிசெய்ய வேண்டும்.

ரமழானில் ஸஹரைத் தவிர்த்து, நோன்பு திறக்கையில் பொரித்தவற்றை மிகுதியாக உண்ணும் முஸ்லிம் மாணவருக்கும் இதே எரிவு நேர்கின்றது. பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் வயிற்றுக்கு இதமானவை. புண்ணுக்குச் சிகிச்சை பெறுவோர் நோன்புக்கு முன்னரே வைத்தியரைக் காணவேண்டும். நோயாளிக்கு மார்க்கம் சலுகை அளித்துள்ளது.

கருநிற மலம், இரத்த வாந்தி, காரணமற்ற உடல் மெலிவு, விழுங்குவதில் சிரமம் ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மருந்தகத்துக்கல்ல, வைத்தியசாலைக்கே செல்லவேண்டும். கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் அதற்குக் கட்டணம் இல்லை.