பேரேட்டில் இல்லாத பூட்டன்

வட்டகொடையில நமக்கெல்லாம் தாத்தா பேர் தெரியும். பூட்டன் பேரைக் கேட்டா கொஞ்சம் முழிப்போம். அவருக்கு அப்பன் பேர்? சுத்தம். மறதியைக் குறை சொல்லிப் பயனில்லை. அந்தப் பேரை எழுதிவைக்க யாருக்கும் அவசியம் இருக்கவில்லை.

இங்கிலாந்தில் 1538-லேயே ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் கோயில் ஏட்டில் எழுதணும்னு உத்தரவு போட்டார்கள். அதனால் அங்கே ஒரு சாதாரண குடியானவன் வீட்டுப் பிள்ளைகூட பல தலைமுறை பின்னால் போய்த் தேடலாம். நம்ம மலைநாட்டிலும் 1854-ல் 'தமிழ் கூலி மிஷன்' தொடங்கியது (பேரைப் பாருங்க!). திருநெல்வேலியிலிருந்து வந்த உபதேசியார்கள் தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கினார்கள். ஞானஸ்நானம் வாங்கின குடும்பத்துக்கு ஏட்டில் ஒரு வரியாவது கிடைக்க வாய்ப்புண்டு. ஆனா நம்ம ஆட்களில் பெரும்பாலானவங்க மாரியம்மனைக் கும்பிட்டவங்க. அவள் ஏடு வைத்துக்கொள்ளவில்லை.

தோட்டம் வைத்திருந்தது செக்ரோல். கங்காணிவாரியாக ஆட்களை எழுதி, நாள்நாளாக வேலையைக் குறிப்பார்கள். தோட்டத்துப் பேச்சில் 'பேர்' என்றாலே ஒரு நாள் சம்பளம்தானே! வேலை குறைந்தால் அரைப்பேர். அப்பன் யார், எந்த ஊர் என்பதெல்லாம் அந்தக் கணக்குக்குத் தேவைப்படவில்லை.

லூல்கந்துரவில் 1867-ல் தேயிலை போட்ட ஜேம்ஸ் டெய்லர் 1892-ல் இறந்தபோது, தொழிலாளர்கள்தான் முறைவைத்து உடலைக் கண்டிக்குச் சுமந்தார்கள். 24 பேர் என்று சொல்வார்கள். துரைக்குக் கண்டியில் பேர் பொறித்த கல்லறை இருக்கு. சுமந்தவங்களுக்கு எண்ணிக்கை மட்டும்.

இந்த நிலைமையில்தான் 1948-ன் 18-ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் வந்தது. வம்சாவளியால் குடியுரிமை வேண்டுமென்றால் நீ இங்கே பிறந்தது மட்டும் போதாது. அப்பா இங்கே பிறந்திருக்கணும், இல்லாவிட்டால் தாத்தாவும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கணும். எழுதிவைக்காத நாடு எழுத்தைக் கேட்டது. மடக்கும்புரத் தோட்டத்தில் பிறந்த சி. வி. வேலுப்பிள்ளை 1947-ல்தான் தலவாக்கலை எம்பியாக ஜெயித்திருந்தார். அவரை அனுப்பின சனங்களில் மிகப் பெரும்பாலோருக்கு 1952 தேர்தலில் வோட்டு இல்லை. 1949 சட்டத்தின் கீழ் 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. குடியுரிமை கிடைத்தது ஏறக்குறைய 1,34,000 பேருக்கு.

இப்போ தேட நினைக்கிறவங்க குலதெய்வத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்பது எங்கள் எண்ணம். பாட்டிகிட்ட சாமி பேரைக் கேட்டா, கூடவே ஒரு ஊர்ப்பேரும் வரலாம்: புதுக்கோட்டைப் பக்கமோ சேலத்துப் பக்கமோ ஒரு கிராமம். சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில் போன சொந்தக்காரங்க கூடலூரிலோ கோத்தகிரியிலோ இருந்தா, பழைய பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்க.