கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ச் சொல்லிசை: வரலாறும் தொழில்நெறியும்

முன்னுரை

மலேசியத் தமிழரின் கலை வரலாற்றை எழுதுவோர் சிறுகதைக்கும் புதுக்கவிதைக்கும் மேடை நாடகத்துக்கும் அளித்த இடத்தைச் சொல்லிசைக்கு அளித்ததில்லை. ஆங்கிலத்தில் 'ராப்' எனவும், அதனைச் சூழ்ந்த பண்பாட்டுடன் சேர்த்து 'ஹிப் ஹாப்' எனவும் வழங்கப்படும் இக்கலை, இளையோரின் பொழுதுபோக்கு என்றோ மொழிச் சிதைவு என்றோ ஒதுக்கப்படுவதே பெரும்பான்மை. ஆயினும் கடந்த கால் நூற்றாண்டில் மலேசியாவிலிருந்து தமிழகத் திரையிசைக்குச் சென்று அதன் போக்கையே பாதித்த கலைகளுள் இதுவும் ஒன்று என்பதை மறுப்பதற்கில்லை.

இக்கட்டுரை, கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ச் சொல்லிசை வளர்ந்த வரலாற்றைச் சுருக்கமாக மதிப்பிட்டு, அதன் கலைஞர்கள் மேற்கொள்ளத்தக்க தொழில்நெறி யாது என்பதை ஆராய்கிறது. தொழில்நெறி என்றவுடன் நேரந்தவறாமை, மேடை ஒழுக்கம், உடை ஆகியவையே நினைவுக்கு வருகின்றன. அவை வேண்டியவையே. எனினும் ஒரு பாடலை இயற்றியவர் யார், அதன் உரிமை யாருக்கு, ஊதியம் யாருக்கு என்பவற்றை எழுத்தில் நிறுத்துவதே தொழில்நெறியின் முதற்படி என்பது இக்கட்டுரையின் கருத்தாகும். இக்கருத்துக்கு நம் சமூக வரலாற்றிலேயே சான்று உண்டு.

துறைமுகமும் தோட்டமும்

1901ஆம் ஆண்டில் போர்ட் சுவெட்டன்ஹாம் என்னும் பெயரில் திறக்கப்பட்டு, 1972இல் போர்ட் கிள்ளான் எனப் பெயர் மாற்றம் பெற்ற துறைமுகம், தமிழர் இந்நாட்டுக்குள் நுழைந்த வாயில்களுள் ஒன்றாகும். சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் வந்த 'ரஜுலா' முதலிய கப்பல்கள் இங்கு நின்று சென்றன. இறங்கியோருள் பலர் சிலாங்கூரின் இரப்பர்த் தோட்டங்களுக்குச் சென்றனர். சிலர் துறைமுகத்திலும் இரயில்வேயிலும் நிலைத்தனர்.

அவர்கள் தாலாட்டு, ஒப்பாரி, கும்மி, தெம்மாங்கு ஆகியவற்றைத் தம்முடன் கொண்டுவந்தனர். பால்மரக்காட்டு வாழ்வைப் பாடும் புதிய பாடல்களையும் இங்கே கட்டினர். முத்தம்மாள் பழனிசாமி போன்றோரின் முயற்சியால் அவற்றுள் சில நூல்வடிவம் பெற்றன. ஆனால் தொகுக்கப்பட்ட பாடல்களுக்கும் இயற்றியவர் பெயர் பெரும்பாலும் இல்லை. பெரட்டுக் களத்தில் நாள்தோறும் ஆட்பெயர் எடுக்கப்பட்டது, கூலிக்கணக்கு எழுதப்பட்டது. பாட்டுக் கட்டியவரின் பெயரை மட்டும் எவரும் எழுதி வைக்கவில்லை. வாய்மொழி மரபுக்கு அது இயல்பே எனலாம். ஆயினும் ஒரு சமூகம் தன் கலைஞர்களைப் பெயர் தெரியாதவர்களாக இழந்தது என்பதும் உண்மையே.

பின்னர்த் தோட்டங்கள் நகரங்களாயின. ஷா ஆலாம், சுங்கை ரெங்கம் தோட்ட நிலத்தில் எழுந்தது. சுபாங் ஜெயா, சீஃபீல்ட் தோட்டத்தில் எழுந்தது. லயத்து வீட்டிலிருந்து அடுக்குமாடிக் குடியிருப்புக்கு வந்த தலைமுறையின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வாழும் காப்பார், பண்டமாரான், போர்ட் கிள்ளான் போன்ற பகுதிகளின் சமூகச் சூழலைக் கருதாமல் இன்றைய சொல்லிசையைப் புரிந்துகொள்ள இயலாது.

பிராங்ஸிலிருந்து கோலாலம்பூருக்கு

ஹிப் ஹாப் 1973 ஆகஸ்டு 11ஆம் நாள் நியூயார்க் நகரின் பிராங்ஸ் பகுதியில், டி.ஜே. கூல் ஹெர்க் இசைத்தட்டு இயக்கிய ஒரு விருந்தில் தொடங்கியதாகக் கொள்வது மரபு. நெடுஞ்சாலைத் திட்டத்தால் குடியிருப்புகள் இடிக்கப்பட்டு, வறுமையில் விடப்பட்ட பகுதி அது. இசைக்கருவி வாங்க வசதியற்ற இளைஞர்கள் பழைய இசைத்தட்டுகளையே கருவியாக்கினர். இடம்பெயர்க்கப்பட்டோரின் பிள்ளைகள் கைக்குக் கிடைத்ததைக் கொண்டு படைத்த கலை என்ற வகையில், அது கிள்ளான் பள்ளத்தாக்கின் இளைஞர்களுக்கு அந்நியமாகத் தோன்றாததில் வியப்பில்லை.

மலேசியாவில் யோகி பி, லேண்ட் ஸ்லைட், பாயிண்ட் பிளாங்க், சி. லோக்கோ ஆகியோர் அடங்கிய 'பொயட்டிக் அம்மோ' குழு 1998இல் தன் இசைத்தொகுப்பை வெளியிட்டது. அதில் ஆங்கிலம், மலாய், கன்டனீசு, தமிழ் ஆகிய நான்கு மொழிகளும் இடம்பெற்றன. பல இனத்தார் சேர்ந்த இக்குழுவில் தமிழ் நான்கனுள் ஒன்றாக நின்றது. 2006இல் யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகியோர் 'யோகி பி அண்ட் நட்சத்திரா' என்னும் பெயரில் வெளியிட்ட 'வல்லவன்' தொகுப்பில் தமிழே முதன்மை பெற்றது. இவ்விரு தொகுப்புகளுக்கும் இடைப்பட்ட எட்டு ஆண்டுகளே மலேசியத் தமிழ்ச் சொல்லிசை தன் குரலைக் கண்டெடுத்த காலம் எனலாம்.

அதன்பின் யோகி பியின் குரல் தமிழகத் திரையில் ஒலித்தது. 'பொல்லாதவன்' (2007), 'ஆடுகளம்' (2011), 'விவேகம்' (2017), 'தர்பார்' (2020) ஆகிய படங்களின் பாடல்களில் அவர் பங்கேற்றார். இது பெருமைக்குரியது. ஆயினும் திரைப்பாடலில் சொல்லிசைக் கலைஞர் பெரும்பாலும் சில அடிகளுக்கு வந்து செல்லும் விருந்தினரே; மெட்டும் கதைச்சூழலும் பிறருடையவை. 'வல்லவன்' போன்ற முழுமையான தனித்தொகுப்பே கலைஞரின் ஆளுமையைக் காட்டும் என்பதை இளையோர் உணர்தல் வேண்டும்.

யாப்பு நோக்கில் ஒரு மதிப்பீடு

சொல்லிசையில் தாளம் நிலையானது. சொல் அதன்மேல் முன்னும் பின்னுமாக இயங்குவது. எதுகை, மோனை, இயைபு ஆகியவற்றை இயல்பாகக் கொண்ட தமிழ் இதற்கு மிகவும் இசைந்தது. குறில் நெடில் வேறுபாடு சொல்லின் வேகத்தைத் தானே வகுத்துத் தருகிறது. சிறந்த மலேசியச் சொல்லிசைப் பாடல்களில் அடியெதுகையோடு உள்ளெதுகையும் அடுக்கி வருவதைக் காணலாம். மலாய், ஆங்கிலச் சொற்கள் கலப்பது இங்குள்ள பேச்சு வழக்கின் இயல்பு. தமிழ் எதுகை கிடைக்காதபோது மட்டும் பிறமொழிச் சொல்லை இட்டு நிரப்புவது சோம்பல். இரண்டையும் வேறுபடுத்திக் காணும் திறனாய்வு நம்மிடையே வளரவேண்டும்.

அருணகிரிநாதரின் சந்தமே ராப் இசையின் மூலம் என்று மேடைகளில் சிலர் பேசுவதுண்டு. வடிவ ஒப்புமை வேறு, வரலாற்றுத் தொடர்பு வேறு. திருப்புகழின் வண்ணத்தைப் பயின்ற கலைஞர் நல்ல சொல்லிசை எழுதக்கூடும். அதனால் பிராங்ஸ் கறுப்பின இளைஞர்களின் படைப்பை நமதெனக் கூறிவிட முடியாது. தன் கலை எங்கிருந்து வந்தது என்பதை நேர்மையாகக் கூறுவதும் தொழில்நெறியே.

பழைய மெட்டும் புதிய உரிமையும்

'வல்லவன்' தொகுப்பின் புகழ்பெற்ற பாடல், 'நிழல்கள்' (1980) படத்தில் இளையராஜா இசையமைத்த 'மடை திறந்து' பாடலின் மறுவடிவமாகும். படத்தில் அது வாய்ப்புத் தேடும் இளம் இசைக்கலைஞனின் கனவாக வருவது. அறிமுகத்தை நாடிய மலேசியக் கலைஞர்கள் அதனைத் தேர்ந்தது பொருத்தமான தேர்வு. அப்பாடலின் வெற்றியில் ஒரு பாடமும் உண்டு, ஓர் இடரும் உண்டு. பழைய மெட்டை எடுத்தாள்வது இக்கலையின் பிறவிக் குணம் என்பது பாடம். பிறர் மெட்டின் புகழிலேயே நிற்கப் பழகிவிட்டால் சொந்த மெட்டு பிறக்காது என்பது இடர்.

சட்டமும் இங்கே குறுக்கிடுகிறது. 1991இல் பிஸ் மார்க்கி என்னும் அமெரிக்கக் கலைஞர், கில்பர்ட் ஓ'சல்லிவன் பாடலின் பகுதியை இசைவின்றி எடுத்தாண்ட வழக்கில் நியூயார்க் நீதிமன்றம் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. அதன்பின் முன்னிசைவு பெறுவது அமெரிக்கத் துறையில் வழக்கமாயிற்று. தமிழ்ச் சூழலில் இளையராஜா 2017இல் எஸ்.பி. பாலசுப்பிரமணியத்துக்கும், 2024இல் 'மஞ்சும்மல் பாய்ஸ்' படத் தயாரிப்பாளர்களுக்கும் தம் பாடல்களின் பயன்பாடு குறித்து அறிவிக்கை அனுப்பியதை யாவரும் அறிவர். அவரவர் நிலைப்பாடு எதுவாயினும், எல்லோரும் செய்கிறார்கள் என்பது இனி ஒரு விடையாகாது.

இயற்றியவர் பெயர் மறையும்போது

2021 மார்ச்சில் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடல், இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த முன்னோரின் நினைவை உட்கொண்டது. அறிவு எழுதித் தீயுடன் பாடினார். சந்தோஷ் நாராயணன் தயாரித்தார். அதே ஆண்டில் இந்திய 'ரோலிங் ஸ்டோன்' இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாதது கண்டனத்துக்குள்ளானது. 2022 ஜூலையில் சென்னைச் சதுரங்க ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அவரின்றி அப்பாடல் நிகழ்த்தப்பட்டபோது, படைப்பில் யார் பங்கு எவ்வளவு என்பது பொதுவெளி விவாதமாயிற்று. அப்பாடலால் தமக்கு வருமானம் வந்து சேரவில்லை என்று 2024இல் சந்தோஷ் நாராயணன் கூறினார்.

உலகமே கேட்ட ஒரு பாடலுக்கே இந்நிலை என்றால், தீபாவளி விற்பனை விழாவிலும் கோயில் திருவிழாவிலும் பாடும் கிள்ளான் இளைஞரின் நிலையை எண்ணிப் பார்க்கலாம். தோட்டப்புற முன்னோரின் பாடலுக்குப் பெயர் இல்லாமற் போனதற்கு எழுத்தறிவின்மையும் கூலி வாழ்வும் காரணங்கள். அவர்தம் பேரப்பிள்ளைகளுக்கு அக்காரணங்கள் இல்லை.

கலைஞர்க்குச் சில கருத்துகள்

மலேசியப் பதிப்புரிமைச் சட்டம் 1987இன்படிப் பதிவு செய்யாமலேயே படைப்பாளிக்கு உரிமை உண்டாகிறது. ஆனால் படைப்பு எழுத்திலோ ஒலிப்பதிவிலோ நிலைபெற்றிருத்தல் வேண்டும். மேடையில் அந்நேரத்தில் கட்டிப் பாடிய அடிகளைப் பதிவு செய்யாமல் விட்டால் பின்னர் உரிமை கோருவது அரிது. ஆகவே ஒவ்வொரு பாடலின் வரைவையும் நாளிட்டுக் காத்தல் முதற்கடன்.

இரண்டாவது, உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தாலன்றிச் செல்லாது என்கிறது அச்சட்டத்தின் 27ஆம் பிரிவு. அதே வேளையில், ஒருவர் கேட்டுக்கொண்டதற்கிணங்க இயற்றப்படும் படைப்பின் உரிமை, மாறான உடன்பாடு இல்லாதபோது, கேட்டவருக்கே மாறியதாகக் கருதப்படும் என்கிறது 26ஆம் பிரிவு. விளம்பரத்துக்கோ குறும்படத்துக்கோ பாடல் கேட்டு ஒருவர் வரும்போது, வாய்மொழியாக ஒப்புக்கொள்ளும் கலைஞர் தம் உரிமையைத் தாமறியாமலே இழக்கலாம். ஒரு பக்க ஒப்பந்தமாவது கையெழுத்தாதல் வேண்டும்.

மூன்றாவது, குழுவில் இயற்றியவர், இசையமைத்தவர், பாடியவர், ஒலிப்பதிவுக்குப் பணம் இட்டவர் ஆகியோரின் பங்கு விழுக்காட்டைப் பாடல் வெளிவருமுன் எழுதிக்கொள்ள வேண்டும். நட்பு இருக்கும்போது எழுதுவது எளிது. பிரிந்தபின் எழுத இயலாது.

நான்காவது, 1989இல் தொடங்கப்பட்ட எம்.ஏ.சி.பி. அமைப்பில் பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் உறுப்பினராகித் தம் படைப்புகளைப் பதிய வேண்டும். பொது இடங்களிலும் ஒலிபரப்பிலும் பாடல் பயன்படும்போது உரிமைத்தொகை திரட்டும் அமைப்பு அது. 2012 முதல் மலேசிய அறிவுசார் சொத்துக் கழகத்தில் பதிப்புரிமையைத் தன்விருப்பாக அறிவிக்கும் வசதியும் உண்டு. இணையவழி இசைத்தளங்கள் பரவியபின் பாடல் வெளியீடு எளிதாயிற்று. ஆயின் இயற்றியவர் பெயரை உரிய இடத்தில் நிரப்பாமல் பதிவேற்றும் வழக்கமும் உடன் வளர்ந்தது.

ஐந்தாவது, வன்முறைக் குழுக்களைப் புகழும் பாடல்கள் பற்றியது. துன்பத்தைப் பாடுவது வேறு. அதனை விளைவிப்பவரைத் தலைவராக்குவது வேறு. தணிக்கைக்கு அஞ்சி அன்று, தம் பாடலைக் கேட்கும் பதின்ம வயதினரை எண்ணியே கலைஞர் இவ்வேறுபாட்டைப் பேண வேண்டும்.

ஆசிரியர் பங்கு

இடைநிலைப்பள்ளித் தமிழ் வகுப்பில் எதுகை, மோனை கற்பிக்கும்போது ஒரு சொல்லிசைப் பாடலை எடுத்துக்காட்டாக்குவது இலக்கணத்துக்கு இழுக்கன்று. மாணவர் பாடல் எழுதி வந்தால், பிழை திருத்துவதோடு அதன் அடியில் பெயரையும் நாளையும் எழுதச் சொல்லலாம். 18 வயது நிரம்பாதவர் செய்யும் ஒப்பந்தம் பொதுவாகச் செல்லாது என்பதால், வணிக நோக்குடன் எவரேனும் மாணவரை அணுகினால் பெற்றோர் அறியச் செய்வது ஆசிரியர் கடன். பல்கலைக்கழகங்களோ, 'வல்லவன்' முதலிய தொகுப்புகளையும் அவற்றின் அட்டைகளையும் நிகழ்ச்சி அறிக்கைகளையும் திரட்டி வைத்தல் வேண்டும். குறுந்தட்டுகள் அழிகின்றன, இணையக் கணக்குகள் மறைகின்றன. நாட்டுப்பாடலைத் தொகுக்கத் தாமதித்தது போல் இதிலும் தாமதித்தல் தகாது.

முடிவுரை

கிள்ளான் பள்ளத்தாக்கின் தமிழ்ச் சொல்லிசை, பிறர் தந்த வடிவில் தன் வாழ்வைப் பாடக் கற்றுக்கொண்ட கலையாகும். திறமையில் அது தன்னை நிறுவிவிட்டது. ஒப்பந்தம், பதிவு, ஆவணம் ஆகியவற்றில் அது இன்னும் தொடக்க நிலையிலேயே உள்ளது. கலைஞர் தம் பெயரைத் தாமே எழுதி வைப்பதும், கல்வியாளர் அதனைக் காத்து வைப்பதும் ஒருசேர நிகழ்ந்தால், அடுத்த நூற்றாண்டின் ஆய்வாளர் இப்பாடல்களை 'இயற்றியவர் அறியப்படாதவர்' என்னும் தலைப்பின்கீழ்த் தொகுக்க வேண்டிய நிலை ஏற்படாது.