ஏடு ஒப்பிட்ட துறைமுகப் பட்டினம்

தொடக்கத் திருச்சபையின் அறிவு வரலாற்றைச் சொல்ல வருவோர் அலெக்சாந்திரியாவையும் அந்தியோகியாவையும் முன்னிறுத்துவார்கள். அடுத்து உரோமையும் கார்த்தேஜும் வரும். பலஸ்தீனக் கடற்கரையில் இருந்த செசரியா, பவுல் இரண்டாண்டு காவலில் இருந்த ஊர் என்பதோடு நின்றுவிடும். இது அந்த ஊருக்கு நாம் செய்துவரும் அநீதி என்றே கருதுகிறேன். மறைநூல் ஏட்டை ஏட்டோடு வைத்து ஒப்பிடுவது, கண்ட வேறுபாட்டை மறைக்காமல் குறித்துவைப்பது, திருத்தியவர் இன்னார் என்று பெயர் எழுதிவைப்பது ஆகிய வழக்கங்கள் கிறிஸ்தவ உலகில் வேர்பிடித்த இடம் செசரியா. ஓரிஜன், பாம்பிலஸ், யூசேபியஸ் என்ற மூவர் அடுத்தடுத்து அங்கே நூறாண்டுக் காலம் அந்தப் பணியைச் செய்தார்கள்.

ஊரின் பிறப்பே வலிந்து செய்த காரியம். ஸ்ட்ராத்தோன் கோபுரம் என்ற பழைய சிற்றூர் இருந்த இடத்தில், கி.மு. 22 வாக்கில் பெரிய ஏரோது கட்டுமானத்தைத் தொடங்கினான். வேலை பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் நடந்தது. இயற்கைத் துறைமுகத்துக்கு உரிய வளைவோ முகத்துவாரமோ அந்தக் கரையில் இல்லை. மரச் சட்டங்களைக் கடலில் இறக்கி, இத்தாலியின் நேப்பிள்ஸ் பகுதியிலிருந்து கொண்டுவந்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடு கலந்து உள்ளே கொட்டினார்கள். நீருக்குள்ளேயே இறுகும் அந்தக் கலவைதான் அலைதடுப்புச் சுவராக நின்றது. கர்மேல் மலையடிவார ஊற்றுநீர், வளைவுத் தூண்கள் தாங்கிய கால்வாய் வழியே ஊருக்குள் வந்தது. அகுஸ்து சீசரின் பெயரை ஊருக்கு வைத்து, துறைமுகத்தைப் பார்த்தபடி அவனுக்கும் உரோமைத் தெய்வத்துக்கும் ஏரோது ஒரு கோயிலும் எழுப்பினான்.

கி.பி. 6-க்குப் பின் யூதேயாவை ஆண்ட உரோம ஆளுநரின் இருப்பிடம் செசரியா ஆயிற்று. பிலாத்துவின் பெயர் பொறித்த கல் 1961-இல் இவ்வூர் அரங்கின் இடிபாட்டில்தான் கிடைத்தது. நூற்றுவர் தலைவன் கொர்நேலியுவுக்குப் பேதுரு திருமுழுக்குக் கொடுக்கச் செய்ததும் இங்கேதான். 66-ஆம் ஆண்டு யூதருக்கும் கிரேக்க மொழியினருக்கும் இவ்வூரில் மூண்ட சண்டை, எருசலேம் அழிவில் போய் முடிந்த பெரும்போருக்குத் தீப்பொறி ஆயிற்று.

அத்தனை இரத்தம் சிந்திய ஊரில் மூன்றாம் நூற்றாண்டு வாக்கில் யூதர், சமாரியர், கிரேக்கர், உரோம அலுவலர், கிறிஸ்தவர் எல்லாரும் மறுபடியும் அடுத்தடுத்து வாழ்ந்தார்கள். ரபி ஹோஷாயாவின் கல்விக்கூடம் இங்கே இருந்தது. செசரியாவின் தொழுகைக்கூடம் ஒன்றில் யூதர்கள் தங்கள் நாள்வழி மன்றாட்டைக் கிரேக்கத்தில் ஓதியதை எருசலேம் தல்மூது பதிவு செய்கிறது. ஒரே மறைநூலை எபிரேயத்தில் வைத்திருப்போரும் கிரேக்கத்தில் வைத்திருப்போரும் சந்தையில் தினமும் முகம் பார்த்துக்கொள்ளும் ஊர் அது. அங்கே இரண்டு ஏடுகளும் ஒன்றுபோல் இல்லை என்ற உண்மையிலிருந்து யாரும் தப்பிக்க முடியாது.

ஓரிஜன் அலெக்சாந்திரியாவில் 185 வாக்கில் பிறந்தவர். செவேருஸ் மன்னன் காலத்துக் கலாபனையில் தந்தை லெயோனிதஸ் கொல்லப்பட்டபோது மகனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பவில்லை. தானும் தந்தையோடு சாகப் போகிறேன் என்று கிளம்பியவரைத் தடுக்க, தாய் அவருடைய உடைகளை ஒளித்துவைத்தாள். தம்பிகள் ஆறு பேர். சொத்து பறிமுதலாகிவிட்டது. இலக்கணம் கற்பித்துக் குடும்பத்தைக் காத்தார். பின்னர் மறைக்கல்வியே தம் பணி என்று துணிந்து, தம்மிடமிருந்த பழைய இலக்கிய ஏடுகளையெல்லாம் விற்று, அதற்கு ஈடாக நாளொன்றுக்கு நான்கு ஒபோல் காசு பெற்று வாழ்ந்தார். தாம் ஆசையோடு படியெடுத்த ஏடுகளை அவர் அப்படி விற்றதை யூசேபியஸ் சொல்லும் இடத்தை என்னால் எளிதாகக் கடந்துபோக முடிவதில்லை.

பலஸ்தீன ஆயர்கள் இருவர், செசரியாவின் தெயோக்திஸ்துவும் எருசலேமின் அலெக்சாந்தரும், அவரைக் குருவாக நிலைப்படுத்தினார்கள். தம்மைக் கேட்காமல் நடந்த இதை அலெக்சாந்திரிய ஆயர் தெமேத்ரியு ஏற்கவில்லை. பிறந்த ஊரின் கதவு அடைபட்டது. 230-களின் தொடக்கத்தில் ஓரிஜன் செசரியாவில் குடியேறினார். அம்புரோசியு என்ற செல்வர் அவரைத் தாங்கினார். (மிலான் ஆயர் அம்புரோசு வேறு, அவர் ஒரு நூற்றாண்டு பிந்தியவர்.) ஓரிஜன் சொல்லச் சொல்ல, முறை வைத்து எழுத ஏழுக்கு மேற்பட்ட சுருக்கெழுத்தர்களையும், அவர்கள் குறித்ததை விரித்தெழுதப் படியெடுப்போரையும், அழகிய கையெழுத்துப் பயின்ற பெண்களையும் அம்புரோசியு அமர்த்திக் கொடுத்தார். அந்தப் பெண்களின் பெயர்கள் எங்கும் இல்லை. ஓரிஜனின் நூல்கள் என்று நாம் சொல்வதில் பாதி உழைப்பு அவர்களுடையது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

அவருடைய பெரும்பணி ஹெக்ஸாப்ளா. பழைய ஏற்பாடு முழுவதையும் ஆறு நிரல்களாக அடுத்தடுத்து எழுதிவைத்தார். முதல் நிரலில் எபிரேய எழுத்தில் எபிரேயம், இரண்டாவதில் அதே எபிரேயம் கிரேக்க எழுத்தில், பிறகு அக்குயிலா, சிம்மாக்கு ஆகியோரின் கிரேக்க மொழிபெயர்ப்புகள், ஐந்தாவதில் திருச்சபை போற்றிய எழுபதின்மர் மொழிபெயர்ப்பு, ஆறாவதில் தெயோதோத்தியோனுடையது. வரிக்கு ஓரிரு சொற்களே. சங்கீதங்களுக்கு வேறு மொழிபெயர்ப்புகளையும் தேடிச் சேர்த்தார். அவற்றுள் ஒன்று எரிகோ அருகே ஒரு சாடிக்குள் கிடைத்தது. முழு நூலும் ஆறாயிரம் பக்கத்துக்கு மேல் இருந்திருக்கும் என்று கணிக்கிறார்கள். அத்தனை பெரிய நூலை மறுபடி முழுவதுமாகப் படியெடுக்க யாராலும் முடிந்ததாகத் தெரியவில்லை.

எதற்காக இவ்வளவு? யூதரோடு வாதிடும் கிறிஸ்தவர், அவர்கள் ஏட்டில் இல்லாத சொற்களைச் சான்றாகக் காட்டி நாணி நிற்கக் கூடாது என்று ஆப்பிரிக்கானு என்ற அறிஞருக்கு எழுதிய கடிதத்தில் ஓரிஜன் காரணம் சொல்கிறார். ஆனால் அவர் செய்த முறை அந்தக் காரணத்தைவிடப் பெரியது. எழுபதின்மர் ஏட்டில் இருந்து எபிரேயத்தில் இல்லாத சொல்லை அவர் அடித்துவிடவில்லை. முன்னால் ஒரு கோட்டுக்குறி இட்டார். எபிரேயத்தில் இருந்து எழுபதின்மரிடம் விடுபட்ட சொல்லை வேறு மொழிபெயர்ப்பிலிருந்து எடுத்துச் சேர்த்தபோது உடுக்குறி இட்டார். ஹோமரின் காவியங்களைப் பதிப்பித்த அலெக்சாந்திரிய அறிஞர்கள் கையாண்ட குறிகள் இவை. புறச்சமயக் கவிஞரின் ஏட்டுக்கு வகுத்த முறையை மறைநூலுக்குப் பயன்படுத்த அவர் தயங்கவில்லை. நம்பிக்கையில் ஊன்றிய ஒருவர், தம் சபை வழிவழியாகப் படித்துவந்த ஏட்டின் முன் நின்று, இங்கே வேறுபாடு இருக்கிறது, நீங்களே பாருங்கள் என்று சொல்லும் துணிவு எக்காலத்திலும் அரிது. பிற்காலத்தார் அந்தக் குறிகளை விட்டுவிட்டு ஐந்தாம் நிரலைப் படியெடுத்ததால், அவர் பிரித்துக் காட்டிய சொற்கள் கலந்துபோயின. பழைய ஏற்பாட்டின் கிரேக்க ஏடுகளை ஆராய்வோர் இன்றுவரை அந்தக் கலப்பைப் பிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வகுப்பறையில் அவர் எப்படி இருந்தார் என்பதற்கு மாணவர் ஒருவரின் நன்றியுரை நம் கையில் இருக்கிறது. பொந்து நாட்டு இளைஞர் கிரகோரி, சட்டம் பயில பெரித்து நகருக்கு, அதாவது இன்றைய பெய்ரூத்துக்குப் போகவேண்டியவர். செசரியா ஆளுநரின் அலுவலகத்தில் பணியாற்றிய மைத்துனரிடம் தமக்கையைக் கொண்டுவிட வந்தார், ஓரிஜனைக் கேட்டார், ஆண்டுக்கணக்கில் அங்கேயே தங்கிவிட்டார். முதலில் தருக்கம், பின் இயற்கை பற்றிய கல்வி, வடிவக்கணிதம், வானியல், அறவியல், அதன்பின் மெய்யியல், முடிவில்தான் மறைநூல். தெய்வம் இல்லை என்போரைத் தவிர்த்து மற்ற எல்லா மெய்யியலாரையும் படிக்கச் சொன்னாராம் ஆசிரியர்; எந்த ஒரு பள்ளிக்கும் அடிமையாகிவிடக் கூடாது என்பதற்காக. 250-இல் தேசியு மன்னனின் கலாபனையில் ஓரிஜன் சிறைப்பட்டு, கழுத்தில் இரும்பும் கால்களில் தொழுமரமும் பூட்டப்பட்டு வதைபட்டார். உயிரோடு வெளியே வந்தும் உடல் தேறவில்லை. சில ஆண்டுகளில் இறந்தார்.

அவர் விட்டுச்சென்ற ஏடுகளைக் காத்தவர் பாம்பிலஸ். பெரித்துவில் பிறந்து, அலெக்சாந்திரியாவில் பியெரியுவிடம் கற்று, செசரியாவில் குருவானவர். சொந்த நூல் எழுதிப் பெயர் தேடும் ஆசை அவருக்கு இல்லை. ஓரிஜனின் நூல்களில் பெரும்பகுதியைத் தம் கையாலேயே படியெடுத்தார் என்று பிற்கால மறைநூல் அறிஞர் ஜெரோம் எழுதுகிறார். திருமறைப் படிகளைத் தயாராக வைத்திருந்து, கேட்ட ஆண்களுக்கும், படிக்க ஆர்வமுள்ள பெண்களுக்கும் கொடுத்தார். இரவல் மட்டுமல்ல, இலவசமாகவும்!

மீண்டும் மூண்ட கலாபனையில், 307-இல் அவர் கைதானார். சிறையிலும் வேலை நிற்கவில்லை. அங்கே யூசேபியஸின் துணையோடு ஓரிஜனுக்காக ஒரு தற்காப்பு நூல் எழுதினார். ஏடுகளைத் திருத்தவும் செய்தார். சீனாய் மலை மடத்திலிருந்து வந்த புகழ்பெற்ற கிரேக்க ஏட்டில், எஸ்தர் நூலின் முடிவில் பிற்காலத் திருத்தர் ஒருவர் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறார். மிகப் பழைய படி ஒன்றோடு இதை ஒப்பிட்டதாகவும், ஹெக்ஸாப்ளாவைப் பார்த்து அந்தப் பழைய படியைத் திருத்தியவர் பாம்பிலஸ் என்றும், சிறையில் அந்தோனினு என்ற உடன்கைதி ஒப்பிட அவர் திருத்தினார் என்றும் அது தெரிவிக்கிறது. 310 பிப்ரவரியில் பாம்பிலஸ் தலை வெட்டப்பட்டது. அவர் வீட்டில் வளர்ந்து, ஏடெழுதப் பயின்ற பணியாள் போர்பிரியு என்ற இளைஞன், பதினெட்டு வயதுகூட நிரம்பாதவன், கூட்டத்திலிருந்து எழுந்து, ஐயாவின் உடலை அடக்கம் செய்யத் தர வேண்டும் என்று ஆளுநரிடம் கேட்டான். கேட்டதற்காக அவனை வதைத்து, நெருப்பில் இட்டுக் கொன்றார்கள்.

யூசேபியஸ் உயிர் தப்பினார். ஆசிரியரின் பெயரைத் தம் பெயரோடு சேர்த்துக்கொண்டார். 313 வாக்கில் செசரியாவின் ஆயரானார். கொன்ஸ்தந்தீன் மன்னனைப் பற்றி அவர் எழுதியது மிகையான புகழ்மாலை என்பதில் எனக்கு ஐயமில்லை. கிறிஸ்துவின் இறைமை பற்றி மாறுபட்ட கொள்கை கொண்ட ஆரியுவின் பக்கம் சாய்ந்தவர் என்ற குற்றச்சாட்டும் 325-இல் நிசேயா சங்கம் கூடுமுன்பே அவரைத் தொடர்ந்தது. ஆயினும் அவருடைய திருச்சபை வரலாறு, பத்துப் புத்தகங்கள், இல்லையென்றால் முதல் மூன்று நூற்றாண்டுகளைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு தெரிந்திருக்காது. செசரியா நூலகத்தின் ஏடுகளிலிருந்து கடிதங்களையும் ஆவணங்களையும் அவர் அப்படியே எடுத்தெழுதினார். மூலங்கள் பல அழிந்தபின், அவர் எடுத்தெழுதிய பகுதிகளே எஞ்சின. அலெக்சாந்திரிய ஆசிரியர் பந்தேனு இந்தியாவுக்குச் சென்றார், பர்த்தொலொமேயு விட்டுச்சென்ற எபிரேய எழுத்து மத்தேயு நற்செய்தியை அங்கே கண்டார் என்ற செய்தியும் அவர் நூலில் உள்ளது. அந்தக் காலக் கிரேக்கர் அரபுக் கரையையும் எத்தியோப்பியாவையும்கூட இந்தியா என்றதுண்டு. அதனால் அந்த இந்தியா நம் மேற்குக் கரைதான் என்று அடித்துச் சொல்ல ஆதாரம் போதாது.

ஓரிஜனின் நிரல் முறையை யூசேபியஸ் வேறு துறைகளுக்குக் கொண்டுபோனதுதான் என்னை மிகவும் ஈர்ப்பது. காலக்கணக்கு நூலில் யூதர், கிரேக்கர், உரோமர், பிற அரசுகளின் ஆண்டுகளை அடுத்தடுத்த நிரல்களில் நிறுத்தினார்; மோசேயும் திரோயா போரும் எந்த இடைவெளியில் வருகின்றன என்று கண்ணாலேயே பார்க்கலாம். நான்கு நற்செய்திகளையும் சிறுசிறு பகுதிகளாக எண்ணிட்டு (மத்தேயுவில் மட்டும் 355), பத்து அட்டவணைகள் வகுத்தார். ஒரு நிகழ்ச்சி நால்வரிலும் எங்கெங்கே வருகிறது, மூவரில் எங்கே, ஒருவரிடம் மட்டும் உள்ளது எது என்பதை அவை காட்டின. நான்கையும் வெட்டி ஒட்டி ஒரே கதையாக்குவதை அவர் விரும்பவில்லை. நால்வரும் தனித்தனியே நிற்க, வாசகரே ஒப்பிடட்டும் என்று விட்டார். ஓரிஜனின் குறிகளில் இருந்த அதே நேர்மை இது. சிரியம், இலத்தீன், அர்மீனியம், எத்தியோப்பியம் எனப் பல மொழி நற்செய்தி ஏடுகளின் முகப்பில், வண்ணத் தூண்களுக்கிடையே இந்த அட்டவணைகள் இடம்பெற்றன.

கொன்ஸ்தந்தீன் தன் புதிய தலைநகரின் ஆலயங்களுக்கு ஐம்பது திருமறைப் படிகளைத் தோல் ஏட்டில் எழுதித் தரச் சொல்லி யூசேபியஸுக்குத்தான் கடிதம் அனுப்பினான். ஏடுகளை ஏற்றிவர அரசு வண்டிகளும் ஏற்பாடாயின. கலாபனையில் ஏடுகளைத் தேடி எரித்த அரசே ஏடு கேட்டு வந்தபோது, அதை நிறைவேற்றும் எழுத்துக்கூடம் செசரியாவில் இருந்தது.

பின்வந்த ஆயர்கள் நூலகத்தின் பாப்பிரஸ் ஏடுகளைத் தோல் ஏடுகளாக மாற்றிக் காத்தார்கள். ஜெரோம் அங்கே வந்து ஹெக்ஸாப்ளாவைப் பார்த்துத் தம் படிகளைத் திருத்தினார். ஏழாம் நூற்றாண்டில் ஊர் அரபுப் படைகளின் வசமானபின் நூலகத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. அதற்குச் சற்று முன்னரே தெல்லாவின் பவுல் ஐந்தாம் நிரலைக் குறிகளோடு சிரியத்தில் பெயர்த்துவிட்டார். அது பெரிய நற்பேறு. நிரல் வடிவிலேயே எஞ்சிய துண்டுகள் சில பின்னாளில் கிடைத்தன. மிலான் நூலகத்தில், பழைய எழுத்தைச் சுரண்டிவிட்டு மேலே வேறு நூல் எழுதிய ஏட்டின் அடியில் சங்கீதப் பகுதிகளை மெர்காத்தி 1890-களில் கண்டெடுத்தார். கெய்ரோ தொழுகைக்கூடத்தின் பழந்தாள் குவியலிலும் ஒரு துண்டு கிடைத்தது.

ஆறாம் நூற்றாண்டில் ஓரிஜனின் கொள்கைகள் கண்டனத்துக்கு உள்ளானபின் அவருடைய கிரேக்க மூலங்களைப் படியெடுப்போர் குறைந்துபோனார்கள். பல நூல்கள் ருபீனுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பில் மட்டுமே தப்பின. எழுதியவர் பெயர் இல்லாமல் தப்பியவையும் உண்டு. 2012-இல் மியூனிக் நகரின் பவேரிய அரசு நூலகத்தில், பட்டியல் தயாரித்துக்கொண்டிருந்த மரீனா மோலின் பிரதேல், பெயரில்லாக் கிரேக்க ஏடு ஒன்றில் சங்கீதங்களைப் பற்றிய 29 மறையுரைகளைக் கண்டார். அவற்றுள் சில ஏற்கெனவே ருபீனுவின் இலத்தீனில் தெரிந்தவை. அவற்றை ஒப்பிட்டதில்தான், அந்த ஏடு ஓரிஜனுடையது என்பது துலங்கியது. லொரென்சோ பெரோனே தலைமையில் அதன் பதிப்பு 2015-இல் வெளிவந்தது.