முன்பள்ளியும் வீட்டுமொழியும்

கொழும்பு முஸ்லிம் பிள்ளை எந்த வகுப்பில் தமிழை விட்டு விலகுகின்றது? எமது இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி எழும் கேள்வி இது. விடையைப் பாடசாலையில் தேடுவோரே அதிகம். கலைத்திட்ட வரலாற்றைப் பார்க்கையில், பாடசாலைக்கு முன்னரே அது முடிவாகி விடுகின்றது என்றே எனக்குத் தோன்றுகின்றது.

கன்னங்கராவின் விசேட குழு 1943இல் அறிக்கை வெளியிட்டது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி முதல் பாலர் வகுப்பிலிருந்து பல்கலைக்கழகம் வரை கல்வி இலவசமாயிற்று. ஆரம்ப வகுப்புகளில் தாய்மொழியே போதனா மொழி என்பதும் அச்சீர்திருத்தத்தின் முக்கிய அம்சம். காலப்போக்கில் முஸ்லிம்களுக்கு மொழியைத் தெரிவு செய்ய இடமளிக்கப்பட்டது. அந்த உரிமை அன்று சலுகையாகத் தெரிந்தது; இன்று பெற்றோரின் தோளில் பாரமாக இருக்கின்றது.

1972 சீர்திருத்தம் பாடசாலையிற் சேரும் வயதை ஆறாக உயர்த்தியது. சில ஆண்டுகளில் அது மீண்டும் ஐந்தாகியது. ஐந்துக்குக் கீழே தேசிய பாடசாலை முறை இறங்கவேயில்லை. 1987இன் 13ஆவது திருத்தத்தின் பின் முன்பள்ளிகள் மாகாண சபைகளின் பொறுப்பாயின. 2004இல் முன்பிள்ளைப் பருவத்துக்கெனத் தேசிய கொள்கை வந்தது. எனினும் முன்பள்ளிகளிற் பெரும்பாலானவற்றைத் தனியாரும் சமய, தொண்டு நிறுவனங்களுமே நடத்துகின்றனர்.

1997இல் முன்வைக்கப்பட்ட சீர்திருத்தம் 1999இல் நாடெங்கும் தரம் ஒன்றுக்கு வந்தது. விளையாட்டு, செயற்பாடு, எழுத்து வேலை என்பவை அதன் மூன்று வழிகள். ஆங்கிலமும் இரண்டாம் தேசிய மொழியும் பேச்சளவில் மட்டுமே அறிமுகமாகும். வீட்டுமொழியில் வேரூன்றிய பிள்ளையை எதிர்பார்த்து வரையப்பட்ட திட்டம் அது.

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளிலும், கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும் நான் காண்பது வேறு. முன்பள்ளியை நாம் 'மொண்டிசோரி' என்றே அழைக்கின்றோம். மரியா மொண்டிசோரி 1907இல் உரோமில் தம் முதல் இல்லத்தைத் திறந்தது ஏழைத் தொழிலாளரின் பிள்ளைகளுக்காக. 1944இல் அவர் இலங்கைக்கும் வந்து பயிற்சியளித்தார். இன்று அப்பெயர்ப் பலகையின் கீழ், தமிழ் பேசும் வீட்டு மூன்று வயதுப் பிள்ளை ஆங்கில எழுத்தைக் கோட்டுக்குள் எழுதப் பழகுகின்றது. விளையாட வேண்டிய வயதில் எழுத்து. வீட்டுமொழி இருக்க வேண்டிய இடத்தில் வேற்றுமொழி. தரம் ஒன்று அனுமதிக்கு அஞ்சும் தாயை இதற்காகக் குறைகூற முடியாது.

அதே பிள்ளை மாலையில் குர்ஆன் மத்ரஸாவுக்குப் போகின்றது. அங்கே அலிஃப், பே அறபாக இருந்தாலும், ஆலிம்சா விளக்குவதும் அதட்டுவதும் தமிழில்தான். பாடசாலையிற் சிங்களமோ ஆங்கிலமோ படிக்கும் எத்தனையோ பிள்ளைகளுக்கு வீட்டுக்கு வெளியே தமிழ் கேட்கும் ஒரே இடம் அதுவாகி விட்டது.

வாசகர் குறைகின்றனர் என்று கவலைப்படும் நாம், மூன்று முதல் ஐந்து வயது வரையான பிள்ளைக்கு எத்தனை கதைகள் எழுதியிருக்கின்றோம்? அரசு இறங்காத அந்த வயதுக்கு எழுத்தாளராவது இறங்க வேண்டும். எம் வீட்டுப் பேச்சில் 'உம்மா', 'வாப்பா' என்று தொடங்கும் சிறு கதைகள் முன்பள்ளி ஆசிரியைகளின் கைக்குச் சேருமானால், அங்கிருந்தே எமது அடுத்த தலைமுறை வாசகர் தோன்றுவர்.